எலும்பு ஊசி: போடுவதற்கு முன்னும் பின்னும் மலையில் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸாக ஏற்றும் எலும்பு ஊசிக்கு வருகிறவர்கள் தோட்டத்து அம்மாக்களாக இருந்தாலும், ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் பாட்டிமாராக இருந்தாலும், கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கூட வரும் மகனும் மருமகளும் அதையே திரும்ப ஒருமுறை வராந்தாவில் கேட்பார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இது என்ன ஊசிங்க சிஸ்டர்? கால்சியம் ஊசிங்களா?

இல்லை. இதில் கால்சியம் ஒரு துளிகூடக் கிடையாது. பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிகம் போடப்படுவது ஜோலெட்ரானிக் ஆசிட், 5 மில்லிகிராம். 100 மில்லி பாட்டிலில் கரைத்தே வரும். நரம்பில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவோம். வருஷத்துக்கு ஒன்று. ஐபான்ட்ரோனேட் என்று இன்னொன்று உண்டு. அது 3 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நரம்பில் அரை நிமிஷத்துக்குள் போட்டு முடித்துவிடலாம்.

நம் எலும்பு ஒரே கட்டையாக அப்படியே இருப்பதில்லை. ஒரு பக்கம் பழையதை இடிக்கும் செல்கள், இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டும் செல்கள் என்று ஆயுசு முழுக்க வேலை நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு இடிக்கும் ஆளின் கை வேகமாகிவிடும், கொத்தனாரால் ஈடுகொடுக்க முடியாது. இந்த மருந்து எலும்பின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இடிக்க வரும் செல் அதையும் சேர்த்து விழுங்கும், அதோடு அதன் வேகம் அடங்கிவிடும். எலும்பில் ஒட்டிய மருந்து வருஷக்கணக்கில் அங்கேயே தங்குவதால்தான் வருஷத்துக்கு ஒரு ஊசி போதுமாகிறது.

கேம்ப்ல குதிகால மெஷினுக்குள்ள வெச்சுப் பார்த்தாங்க, எலும்பு வீக்குன்னு சொல்லிட்டாங்க. அது போதாதுங்களா?

போதாது. அது ஒலி அலையை வைத்துப் பார்ப்பது. மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று வடிகட்டத்தான் உதவும். ஊசி போடலாமா என்று முடிவு செய்ய இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளப்பது) வேண்டும். இங்கிருந்து கோயம்புத்தூர் இறங்கி எடுத்து வருகிறவர்கள் நிறைய. அந்த ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு உறுதிக் குறைவு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் அதற்கு முந்தைய நிலை. அந்த நிலையில் இருக்கிற எல்லாருக்கும் ஊசி தேவைப்படாது. வயது, பழைய முறிவு, ஸ்டீராய்டு மாத்திரை இவற்றை எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

ஸ்கேன் இல்லாமலே விஷயம் தெரிந்துவிடும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்போ முதுகெலும்போ முறிந்தால், அந்த முறிவே போதுமான சாட்சி. முதுகெலும்பு முறிவுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாமலே நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு அம்மா முதுகு வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சமையல்கட்டு அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் டப்பா முன்பெல்லாம் கைக்கு எட்டும், இப்போது முக்காலி போட வேண்டியிருக்கிறது என்றுதான் சொன்னார். எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தன. உயரம் குறைவது, கூன் விழுவது இரண்டையும் வயசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முட்டி வலி தாங்க முடியல. இந்த ஊசி போட்டா சரியாயிடுங்களா?

ஆகாது. இந்த அறையில் நான் அதிகம் சொல்லும் பதில் இதுதான். சரிவில் நின்று கொழுந்து பறித்துப் பறித்து மூட்டின் குருத்தெலும்பு போவது ஒரு நோய், எலும்பின் உள்ளே உறுதி குறைவது வேறு நோய். இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம் என்பதால் குழப்பம். முட்டிக்கும் இந்த ஊசி உதவுமா என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷம் போட்டுப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. வலியும் குறையவில்லை, குருத்தெலும்பு போவதும் நிற்கவில்லை.

பக்கத்து லைன் வீட்டு அக்கா போட்டார், நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறவர்களிடம், அவருக்கு எதற்காகப் போட்டார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

அப்போ என்னதாங்க பலன்? போட்டவங்க ஒரு மாத்தமும் தெரியலைங்கறாங்களே?

மாற்றம் தெரியாதுதான். உடைய வேண்டிய எலும்பு உடையாமல் இருப்பதுதான் பலன், அதை எப்படி உணர முடியும்? அதனால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் எலும்பு உறுதி குறைந்த ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் 65 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு வருஷம் ஒரு ஜோலெட்ரானிக் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ட்ரிப்ஸ். மூன்று வருஷத்தில் வெறும் ட்ரிப்ஸ் ஏறியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. ஊசி போட்டவர்களில் 3 பேருக்கு. இடுப்பு முறிவு ஆயிரத்துக்கு 25 என்பது 14 ஆகக் குறைந்தது.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். முதுகெலும்பு முறிவு 70 சதவீதம் குறைந்தது, இடுப்பு முறிவு 41 சதவீதம் குறைந்தது என்றால் பிரமாதமாகக் கேட்கும். ஆயிரம் பேருக்கு மூன்று வருஷம் போட்டால் 11 இடுப்பு தப்பும் என்றால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இரண்டும் ஒரே கணக்கு. ஆபத்து அதிகமாக உள்ளவருக்குப் பலனும் அதிகம், ஆபத்தே இல்லாதவருக்குப் போட்டால் பாட்டில்தான் காலியாகும். இடுப்பு உடைந்தபின் பெரியவர்களின் நிலை என்ன ஆகும் என்பதைப் பார்த்துப் பழகியவள் என்பதால் அந்த 11 எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

ஐபான்ட்ரோனேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகெலும்பை அது காப்பாற்றும். இடுப்பைக் காப்பாற்றுகிறது என்று காட்டிய ஆய்வு இல்லை. இடுப்புதான் கவலை என்றால் டாக்டர் அதை எழுதத் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

வாரம் ஒரு மாத்திரைன்னு ஒண்ணு இருக்குதுங்களே? ஊசி எதுக்கு?

இருக்கிறது. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சாப்பிடும் விதம் கறாரானது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். சரியாகச் சாப்பிட்டாலே அந்த மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. கூட ஒரு டீ குடித்தால் அதுவும் போச்சு. விடிவதற்குள் டீ குடிக்காமல் எழுந்திருக்காத ஊர் இது. ‘மாத்திரை போட்டேனே சிஸ்டர்’ என்பார்கள். எதோடு போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் டீ டம்ளரைத்தான் சொல்வார்கள்.

நெஞ்செரிச்சல், உணவுக்குழாய்ப் புண் உள்ளவர்கள், கூன் விழுந்து நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், மறதி உள்ளவர்கள் இவர்களுக்கு ஊசி நல்லது. மற்றபடி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் ஊசிக்கு மாறியே ஆக வேண்டும் என்று இல்லை.

ஒரு ஊசிக்கு இத்தனை டெஸ்ட்டா? காசு புடுங்கத்தானே?

இந்த டெஸ்ட்டுகளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதலாவது கிரியேட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அந்த எண்ணையும் வயது, எடையையும் வைத்து டாக்டர் ஒரு கணக்குப் போடுவார். சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிஷத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் ஜோலெட்ரானிக் போடக் கூடாது. மெலிந்த பாட்டிகளுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, கணக்குப் போட்டால் கீழே விழுந்துவிடும். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கித் தினமும் போடும் மாத்திரை இருந்தால் அந்த அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். அவற்றில் பலவும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

அடுத்தது கால்சியமும் வைட்டமின் டி-யும். இடிக்கும் வேலையை ஊசி சட்டென்று நிறுத்துவதால் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியமும் குறையும். ஏற்கெனவே வைட்டமின் டி இல்லாதவருக்கு அப்போது ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை கால் இழுப்பு வரும். மலையில் வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் மூட்டம், அது விலகும் நாளிலும் ஸ்வெட்டர், தலையில் துண்டு. தோலில் வெயில் பட்டால்தானே? இன்னொன்று, வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையாகிவிட்ட நிலையும் ஸ்கேனில் எலும்பு உறுதிக் குறைவு போலவே தெரியும். அதற்கு மருந்து வைட்டமின் டி-தான், இந்த ஊசி இல்லை. ஆகவே ‘டி குறைவு, முதலில் ஏற்றிவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பல்லைப் பற்றிக் கேட்பதும் இந்தப் பட்டியலில்தான். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஊசி அன்னிக்கு வெறும் வயித்துல வரோணுங்களா?

வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். குளிருக்குத் தண்ணீரே குடிக்காமல், பஸ்ஸில் வாந்தி வரும் என்று காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்து உட்காருவதுதான் தப்பு.

போட்ட ராத்திரி நடுக்கமும் காச்சலும் வந்துருச்சு. மருந்து ஒத்துக்கலைங்களா?

அது ஒவ்வாமை இல்லை. முதல் ஊசிக்குப் பிறகு மூன்று பேரில் ஒருவருக்கு மூன்று நாளுக்குள் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி மாதிரி ஏதாவது வரும். பெரும்பாலும் மறுநாளுக்குள் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போட்டால் அடங்கும். அடுத்த வருஷம் இது வெகுவாகக் குறையும். அந்தப் பெரிய ஆய்விலும் முதல் தடவை மூன்றில் ஒரு பங்காக இருந்தது, இரண்டாம் தடவை நூற்றுக்கு 7 பேர் என்று இறங்கியது. முதல் தடவைக் காய்ச்சலுக்குப் பயந்து இரண்டாவது ஊசியைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கஷ்டமான பகுதியைத் தாண்டிவிட்டு நிறுத்துகிறார்கள்.

முன்னேற்பாடாக ஒன்று செய்யலாம். முதல் ஊசியை வாரக் கடைசி பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் வேலையோ, கல்யாணமோ, ஹெத்தை ஹப்பா திருவிழாவோ இல்லாத நாளாக இருக்கட்டும்.

உடனே திரும்ப வர வேண்டியவை வேறு: மேலே சொன்ன மதமதப்பும் இழுப்பும், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குவது, சிறுநீர் குறைவது, நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருப்பது. அரிதானவைதான், ஆனால் இவற்றைப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பார்த்திருக்கக் கூடாது.

கூகிள்ல பார்த்தா கேன்சர் ஊசின்னு வருது. எனக்குக் கேன்சரா? எங்கிட்ட மறைக்கறாங்களா?

ஒரே மருந்துதான், வேலை வேறு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே ஜோலெட்ரானிக் ஆசிட்டை 4 மில்லிகிராமாக, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அல்லது 12 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். எலும்பு முறிவைத் தள்ளிப்போடவும், வலியைக் குறைக்கவும், ரத்தத்தில் ஏறிவிட்ட கால்சியத்தை இறக்கவும் அது உதவும். புற்றுநோயையே அது குணமாக்காது. உங்கள் பாட்டிலில் 5 மில்லிகிராம், 100 மில்லி என்று இருக்கும். கடையில் வாங்கிவரச் சொன்னால் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலை நன்றாகவே மாறும், அதையும் கேட்டுவிட்டு வாங்கலாம்.

பேஜெட் நோய் என்று எலும்பு கோணிப் பெருக்கும் ஒன்று உண்டு. நம் பக்கம் அபூர்வம். அதற்கு ஒரே ஒரு ஊசி பல வருஷத்துக்கு நோயை அடக்கிவைக்கும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் குழந்தைகளுக்குப் பாமிட்ரோனேட் என்ற இன்னொரு மருந்து பல காலமாகப் போடப்படுகிறது. அவை பெரிய ஆஸ்பத்திரி விஷயங்கள்.

அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணி பிளேட்டும் வெச்சாச்சு. இனி ஊசி எதுக்குங்க? எலும்பு கூடாமப் போயிருமுல்ல?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். பிளேட் வைத்தது உடைந்த எலும்புக்கு. மற்ற இடுப்பும் முதுகும் அதே வயது, அதே உறுதிதானே? ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இடுப்பு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மட்டும் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வும் 2007-இல்தான் வந்தது. புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வு நடந்த காலத்தில் இறந்தவர்களும் 28 சதவீதம் குறைவு. எலும்பு கூடுவது தாமதமாகவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது நல்லது என்று அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

இருந்தும் டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி இருக்கும், எலும்பு உறுதிக்கு ஒரு வரி இருக்காது. அப்படி எழுதாமல் வந்திருந்தால் நீங்களே கேளுங்கள்: ‘அடுத்த எலும்பு உடையாமல் இருக்க என்ன மருந்து, எப்போது?’

தாடை எலும்பு அழுகிப்போயிருமுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பொய் இல்லை, ஆனால் அளவைச் சொல்லாமல் விடுகிறார்கள். எலும்பு உறுதிக்காக வருஷம் ஒன்று போடுகிறவர்களில் இது வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிறது. மேலே சொன்ன புற்றுநோய்க் கணக்கில் அடிக்கடி போடும்போதுதான் இது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் போகிறது. பெரும்பாலும் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் ஆரம்பிக்கும்.

அதனால் ஆடும் பல், சீழ் பிடித்த வேர், பிடுங்க வேண்டியது எதுவாக இருந்தாலும் முதல் ஊசிக்கு முன் முடித்து, புண் ஆறிய பின் வாருங்கள். ஊசி போட்ட பிறகு பல் டாக்டரிடம் போனால் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய் ஏற்கெனவே புண்ணாக இருக்கும். அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனை வருசம் போடோணும்? நிறுத்துனா எல்லாம் வீணாயிருங்களா?

பொதுவாக மூன்று வருஷம், மூன்று ஊசி. பிறகு திரும்ப ஸ்கேன் பார்த்து, ஆபத்து குறைந்திருந்தால் நிறுத்தி வைப்பார்கள். ஏற்கெனவே இடுப்போ முதுகோ முறிந்தவர்கள், ஸ்கோர் இன்னும் மோசமாக இருப்பவர்கள் ஆறு வரை போகலாம். எலும்பில் ஒட்டிய மருந்து தங்குவதால் நிறுத்தியதும் பலன் ஓடிவிடாது. இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனாலும் பயப்பட ஒன்றுமில்லை, வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் ஆயுசு முழுக்கப் போடுவதில்லை என்றால், வருஷக்கணக்கில் இந்த மருந்து எடுத்தவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுவில், விழாமலேகூட, குறுக்கே முறிவு வருகிறது. அதற்கு முன் வாரக்கணக்கில் தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமான வலி இருக்கும். மலை ஏறி இறங்கும் ஆளுக்குத் தொடை வலி புதிதா என்று விட்டுவிடாமல், இந்த ஊசி போட்டவர் என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், இரண்டு தொடைக்கும்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா தொப்புள் பக்கத்துல போடறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுங்களா?

இல்லை, அது டெனோசுமாப். தோலுக்கடியில் போடுவது. நன்றாக வேலை செய்யும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கால்சியத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போடலாம். ஆனால் மேல் பதிலில் தள்ளிப்போனால் பரவாயில்லை என்று சொன்னது அதற்குச் செல்லாது. அது எலும்பில் தங்காது. ஆறு மாதம் தாண்டி இழுத்தடித்தால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதன் பின்னால் ஜோலெட்ரானிக் போட்டுத்தான் நிறுத்துவார்கள். மண் சரிந்து மலை ரோடு அடைபடும் மழைக்காலத்தில் தவணை வருமானால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தினமும் போடும் டெரிபாராடைட் ஊசி வேறு வகை. அது கட்டும் வேலையைத் தூண்டுவது. முதுகு மிகவும் மோசமானவர்களுக்குத் தருவார்கள், முடிந்ததும் கட்டியதைக் காப்பாற்ற பிஸ்பாஸ்போனேட் குடும்ப மருந்தில் ஒன்று வேண்டும்.

ஆம்பளைகளுக்கும் போடலாங்களா? அப்பா ஆஸ்துமாவுக்கு வருசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறார்.

போடலாம். 2012-இல் ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் இரண்டு வருஷத்தில் முதுகெலும்பு முறிவு 67 சதவீதம் குறைந்தது. ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் போனால் எலும்பைக் கவனிக்கத்தான் வேண்டும். இழுக்கும் பம்ப் வேறு, மாத்திரை வேறு, பம்ப்பை இதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கிடையாது. குழந்தை பெறும் வயதில் இருக்கிறவர்கள் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஊசி போட்டாச்சு, இனி கால்சியம் மாத்திரை, ராகிக் களி எல்லாம் வேண்டாமுங்களே?

வேண்டும். இடிப்பதை நிறுத்தினாலும் கட்டுவதற்குச் சாமான் வேண்டாமா? 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பால், தயிர், கீரை, முள்ளோடு தின்னும் சின்ன மீன் எல்லாமே கணக்கில் சேரும். சாப்பாட்டில் எட்டாததை மாத்திரை பார்த்துக்கொள்ளும். விழாமல் இருப்பதும் மருந்துதான்: பாசி பிடித்த வாசல் படிக்கு ஒரு கைப்பிடி, ராத்திரி வெளியே போகும் வழிக்கு ஒரு லைட்டு.

பாட்டிக்கு 88 வயசு. இனிமே போட்டு என்னங்க ஆகப்போகுது?

ஊசியின் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். படுத்த படுக்கையாக, நாள் எண்ணிக்கொண்டு இருப்பவருக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பாட்டி எழுந்து நடக்கிறார், தானே அடுப்படிக்குப் போகிறார், அடுத்த வருஷம் பேத்தி கல்யாணத்துக்கு என்ன புடவை என்று பேசுகிறார் என்றால், வயதைச் சொல்லித் தள்ள வேண்டாம். விழும் வயதும் அதுதான். கிரியேட்டினின் கணக்கு, கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட்டுக் கூட்டி வாருங்கள். ட்ரிப்ஸ் ஏறும்போது போர்த்த ஒரு கம்பளியும், பழைய ஸ்கேன் கவரும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.